முகப்பும் பதிவேடும்

தரங்கம்பாடி ராஜ வீதியில் நிற்கும் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் ஒரு கிரீடம் இருக்கிறது. அதன் கீழ் டென்மார்க் அரசன் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்துக்கள் பின்னிக் கிடக்கின்றன. 1718 என்ற ஆண்டும் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் தொழுவதற்கு ஊரில் வேறு கோயில் இருந்தது. இது தமிழ்ச் சபைக்கென்று சீகன்பால்க் கட்டியது. அந்தச் சபை பதினோரு ஆண்டுகளுக்கு முன் எப்படித் தொடங்கியது என்பது தெரிந்த விஷயம்தான். 1707 மே 12இல் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். முகப்பில் இருந்த அந்த எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் சபைக்குள் மிகச் சிலராகவே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த முகப்பு யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது?

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். பணம் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டுவது நம் கோயில்களிலும் உள்ள வழக்கம்தானே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நம் கோயில் கல்வெட்டு கொடுத்தவனுடைய ஊர்க்காரர்கள் பார்க்க வெட்டப்பட்டது. சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு என்று எழுதினால் அந்த ஆட்டையும், அதை மேய்த்தவனையும், நெய் வந்ததா இல்லையா என்பதையும் ஊர் அறியும். தரங்கம்பாடிக் கிரீடம் கடல் தாண்டி இருக்கும் ஒரு கண்ணுக்காக வைக்கப்பட்டது. சபைக்கும் அதன் முகப்புக்கும் இடையே ஒரு கடல் விழுந்துவிட்டது. அது இன்னும் வற்றவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதைச் சொல்லக் காரணம் காவிரிக் கழிமுகத்துச் சிறிய சபை ஒன்று புதிதாகத் திறந்திருக்கும் இணையதளம். எந்தச் சபை என்பது இங்கு முக்கியமில்லை. இப்படிப் பல இருக்கின்றன. 2020இல் கோயில்களைப் பூட்டியபோது ஞாயிறு ஆராதனையைக் கைபேசியில் பிடித்து நேரலையாக அனுப்பத் தொடங்கியவர்கள், பிறகு ஒரு நிரந்தர இடம் வேண்டுமென்று தளம் அமைத்துக்கொண்டார்கள். அதற்கும் முகப்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். தமிழ் சில சமயம் தெரியாமலே சரியாகச் சொல்லிவிடுகிறது. முகப்பில் கோபுரத்தைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்த படம். ஆள் இல்லை. கீழே ‘அனைவரும் வருக’. ‘வரலாறு’ என்ற பக்கத்தில் பத்து வரி: இன்ன மிஷனரி இன்ன ஆண்டில் வந்தார், இன்ன ஆண்டில் கோயில் எழும்பிற்று, இன்ன ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. பிறகு போதகர்களின் வரிசை, ஆண்டுகளோடு. கடைசியில் காணிக்கை அனுப்புவதற்கான கட்டம். தளத்தின் உருவமும் நிறமும் எங்கோ ஆயத்தமாக விற்கப்படும் வார்ப்பு. நைரோபியில் உள்ள சபைக்கும் டெக்ஸாஸில் உள்ள சபைக்கும் அதே வார்ப்புதான்.

இதைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. நூறு குடும்பம்கூட இல்லாத ஒரு சபை, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தன் பிள்ளைகளுக்கும் ஒரு முகவரி வேண்டுமென்று நினைப்பதில் தவறு என்ன? என்னை உறுத்துவது வேறு. அந்தப் பத்து வரி வரலாற்றின் குரல். ‘எங்கள் சபை’ என்று தொடங்கும் வாக்கியங்களில் ‘நாங்கள்’ என்று யாரும் இல்லை. எல்லா வாக்கியங்களிலும் எழுவாய், வந்தவர். கட்டினவர், கொடுத்தவர், திறந்துவைத்தவர். வந்தவரை ஏற்றவர்கள் யார், எதற்காக ஏற்றார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், எதை விடாமல் உள்ளே கொண்டுவந்தார்கள் என்பது பற்றி ஒரு சொல் இல்லை. இந்த வாக்கிய அமைப்பை அந்தத் தளத்தை எழுதிய இளைஞர் கண்டுபிடிக்கவில்லை. அது முந்நூறு ஆண்டுப் பழக்கம். அது பிறந்த இடத்தையும் சொல்லிவிட முடியும்: ஹாலே.

சீகன்பால்க்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்புலமாக நின்றது ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திவந்த ஸ்தாபனம் — அநாதை இல்லம், பள்ளிக்கூடங்கள், அச்சகம், மருந்துச்சாலை எல்லாம் சேர்ந்த ஒன்று. இங்கிருந்து போன கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 1710 முதல் ஹாலேயில் தொடர்ந்து அச்சிட்டார்கள். ‘ஹாலே அறிக்கைகள்’ என்று இன்று நாம் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். 1772 வரை 108 பகுதிகள், ஒன்பது தொகுதிகளாக. பிறகு புதிய வரிசை ஒன்று 1848 வரை. புரொட்டஸ்டண்டு மிஷன் பத்திரிகைகளில் இதுவே மூத்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள், இறந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று கணக்குகள். மிஷனரி ஒரு கிராமத்துக்கு நடந்துபோய் மர நிழலில் யாரோடோ விவாதித்த சம்பாஷணைகள். மனம் திரும்பியவர்களின் கதைகள். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் இருந்த பக்தர்கள் வாசித்தார்கள், பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் இங்கே பள்ளிக்கூடத்துக்கு ஓலையும் பிள்ளைகளுக்குச் சோறும்.

ஆக, அறிக்கை எழுதியவன் முன்னால் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் திண்ணையில் எதிரே உட்கார்ந்திருந்த தமிழன். இன்னொருவன் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் பணப்பை வைத்திருந்த ஜெர்மானிய வாசகன். இருவருக்கும் நடுவே ஹாலேயின் பதிப்பாசிரியர். வாசகனுக்கு உவக்காதவற்றை — மிஷனரிகளுக்குள் நடந்த சச்சரவுகள், சபைக்குள் நடந்த மனத்தாங்கல்கள், தமிழர்களின் தெய்வங்களைப் பற்றிய அதிகப்படியான விவரம் — அவர் குறைத்தார், மாற்றினார், நிறுத்திவைத்தார். சீகன்பால்க் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி அனுப்பினார். ஐயனாரும் மாரியம்மனும் பிடாரியும், அவர்களுக்கு இடும் படையலும் எல்லாம் அதில் இருந்தன. அது அச்சேறியது 1867இல், அதுவும் சென்னையில். 1711இல் எழுதிய இன்னொரு நூல் 1926 வரை காத்திருந்தது. பிராங்கேயை வில்லனாக்க வேண்டியதில்லை. சந்தா வாசகனை நம்பிப் பத்திரிகை நடத்தும் எந்த ஆசிரியரும் செய்வதையே அவர் செய்தார். ஆனால் அதன் விளைவாக, தமிழ்ச் சபை ஒன்றைப் பற்றிய முதல் சித்திரம் அந்தச் சபையார் வாசிக்க முடியாத பாஷையில், அவர்கள் பார்க்க முடியாத மேஜையில் தீர்மானமாயிற்று.

இந்த அறிக்கைகளிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. 1712க்கும் 1714க்கும் இடையில் சீகன்பால்க்கும் க்ரூண்ட்லரும் கிறிஸ்தவரல்லாத தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்ந்து 1714இலும் 1717இலும் வெளிவந்தன. இன்று நம் கையில் இருப்பது அந்த ஜெர்மன்தான். அவற்றில் சபையைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான். மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று சொல்கிறான். பாதி மேல்சாதி அருவருப்பு, பாதி நேரில் கண்டது. ஆனால் அந்தப் பார்வையில் கடல் இல்லை. தெருவின் அகலம்தான் இருக்கிறது. சபையைப் பற்றிய உயிருள்ள வாக்கியங்கள் சபையை வெறுத்தவர்களிடமிருந்து கிடைக்கின்றன என்பது நம் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

சித்திரத்திலிருந்து எது விழுந்தது என்பதற்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். ராஜநாயக்கன். தஞ்சை அரசின் படையில் இருந்தவர்; கத்தோலிக்கக் குடும்பம்; பறையர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப்புத்தகம் கைக்குக் கிடைத்து, வாசித்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்கு வந்தார். மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில் அங்கே சபைகளை உண்டாக்கிக் காத்தவர் இந்த உபதேசியார். 1733 டிசம்பர் 28இல் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்த வேளாளர் அவர், தமிழ் புரொட்டஸ்டண்டுகளில் முதல் போதகர். அடுத்தது யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் இருந்தது. ஆனால் 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு. காரணம் மறைவானதல்ல: பறையர் ஒருவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இன்று எந்தச் சபையின் முகப்பிலும் இருக்கும் ‘போதகர்கள் வரிசை’ என்ற பட்டியலை இதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆரோன் இருப்பார், தியோகு இருப்பார், ஆண்டுகள் சரியாக இருக்கும். பட்டியல் என்ற வடிவமே ராஜநாயக்கனை ஏற்காது. பட்டம் பெற்றவர்களின் வரிசையில் பட்டம் மறுக்கப்பட்டவருக்கு எப்படி இடம் இருக்கும்? பொய் சொல்லாமலே மறைக்கக்கூடிய வடிவங்கள் உண்டு. அவற்றில் தலையானது இந்தப் பெயர் வரிசை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். வெளியார் எழுதியதால்தான் இந்தக் கோளாறு, சபையே தன்னைப் பற்றிப் பேசியிருந்தால் உண்மை வந்திருக்கும் என்று. நம் சூழலில் இந்த நம்பிக்கை பலமாக இருக்கிறது. ‘எங்கள் கதையை நாங்களே சொல்கிறோம்’ என்று சொல்லிவிட்டால் போதும், சொல்வதெல்லாம் சத்தியமாகிவிடும். சரித்திரம் அவ்வளவு தாட்சண்யம் காட்டுவதில்லை. சபை தானே பேசிய ஒரு தருணம் இருக்கிறது.

1820களின் இறுதியில் தஞ்சையில் நடந்தது அது. பேசியவர் சாமானியரல்ல, வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸின் கையில் வளர்ந்து, சரபோஜி மன்னரின் அவையில் இடம்பெற்ற புலவர். புதிதாக வந்த மிஷனரிகள் செய்தவற்றை எதிர்த்து அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் எழுதிய முறையீடுகளில் நான்கு குறைகள் வருகின்றன. பழக்கமான வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். பண்டிகைக்கும் கலியாணத்துக்கும் பூவைத் தடுக்கிறார்கள். கோயிலில் தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடவிடுவதில்லை. சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள். முதல் மூன்றையும் வாசிக்கும்போது நமக்கு ரத்தம் சூடேறுகிறது. தன் பாஷைக்காக, தன் பாட்டுக்காக, தன் பூவுக்காக ஒரு சமூகம் வெள்ளைக்காரனை எதிர்த்து நிற்கிறது. நான்காவது வருகிறது. அதே மை, அதே ஓலை, அதே கோபம்.

நான்காவதைத் தனியாகப் பிய்த்து எறிந்துவிட்டு மற்ற மூன்றை மட்டும் கொண்டாட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். சாஸ்திரியாருக்கு நான்கும் ஒன்றுதான். பூவும் பாட்டும் எந்த ஆசாரத்திலிருந்து வந்தனவோ அதிலிருந்துதான் பாயும் வந்தது. ‘நாங்கள்’ என்று அவர் எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் கோயிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. அவர்கள் எழுதிய முறையீடு எதுவும் அந்தச் சர்ச்சையின் மையத்துக்கு வரவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனடியாக, முற்றாக ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் திரளான பேர் சபையைவிட்டு வெளியேறினார்கள். 1840இல் வந்த லைப்ஸிக் மிஷன் சாதி விஷயத்தில் இளக்கமாக இருந்ததால் அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தளங்களின் வரலாற்றுப் பக்கங்களில் இது எப்படி வரும் என்றால், ‘1840க்குப் பின் சபை வளர்ச்சி கண்டது’ என்று வரும்.

ஆக, அறிக்கை மறைத்தது, சுயவாக்குமூலம் நியாயப்படுத்தியது. இரண்டுக்கும் இடையில் வேறு சாட்சி இல்லையா?

கட்டிடம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை 1872இல் இயேசு சபையார் எழுப்பியபோது அதை இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். இந்தக் கையில் இருப்பவனுக்கு பீடம் தெரியும், குருவானவர் தெரிவார். அந்தக் கையில் இருப்பவன் தெரியமாட்டான். கால்சட்டைக் கோயில் என்று அதற்குப் பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுத்தடுப்பை இடித்தபோது மேல்சாதியார் வழக்குப் போட்டு, அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. ஆ. சிவசுப்பிரமணியன் இதைத் தமிழில் விரிவாக எழுதியிருக்கிறார். என் வழியில் சொன்னால், அந்தக் கட்டிடத்தின் தரைப்படம்தான் அந்தக் காலத்துச் சபை தன்னைப் பற்றித் தந்த மிக நேர்மையான வாக்குமூலம். காரணம், அது காட்டுவதற்காக வரையப்பட்டதல்ல, உட்காருவதற்காக வரையப்பட்டது. கோபுரத்தை அண்ணாந்து எடுக்கும் படத்தில் தரை விழாது. இது யாருடைய சதியும் அல்ல; புகைப்படக்காரன் நிற்கும் இடம் அப்படி.

இன்னொரு சாட்சி, பதிவேடு. பாளையங்கோட்டையில் 1780இல் சபையார் பெயர்களை எழுதிவைத்த ஏடு ஒன்றைத் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமாகச் சொல்வார்கள். நாற்பது பேர். 1778இல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற மராத்தியப் பிராமண விதவை க்ளாரிந்தா அவர்களில் ஒருவர். 1785இல் எழும்பிய கோயில் அவர் பெயரால் இன்றும் இருக்கிறது. அவர் கதையை நாவலாகவே எழுதியிருக்கிறார்கள். மற்ற முப்பத்தொன்பது பேர்? அவர்களுக்கு முகப்பு இல்லை. ஆனால் அந்த ஏட்டில் அவர்களும் க்ளாரிந்தாவைப் போலவே ஆளுக்கு ஒரு பெயர். பதிவேடு எழுதியவனுக்கு முன்னால் கொடையாளி இல்லை. யார் பிறந்தார், யாரை யார் கட்டினார், யாரைப் புதைத்தோம் என்று தனக்கே தெரிய வேண்டியிருந்ததால் எழுதினான். அந்தத் தேவையில் புனைவுக்கு இடம் குறைவு. சாதியையும் எழுதியிருப்பான், மறைக்கத் தோன்றாததால்.

தொழில்நுட்பம்தான் குற்றவாளி என்று யாரும் என்னைப் புரிந்துகொள்ள வேண்டாம். வார்ப்பு வெளியிலிருந்து வருவதும் புதிதல்ல. தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்தே 1713இல் ஹாலேயில் வார்த்துத்தான் வந்தது. எழுத்து பருமனாக இருந்தது, காகிதத்தைத் தின்றது. உடனே இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். ஈயம் போதாமல் சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறையை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். எழுத்தை இரண்டொரு வருஷத்தில் தன் அளவுக்கு வார்த்துக்கொண்ட சபை, வாக்கியத்தை முந்நூறு ஆண்டுகளாக வார்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் குறை. அதே ஹாலே அறிக்கைகள் இன்று பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு இணையத்தில் கிடக்கின்றன. பிராங்கேயின் ஸ்தாபனம் தான் அச்சிட்டதை, கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. வெட்டியவர்கள் வெட்டியதைக் காட்டிவிட்டார்கள். வெட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்த வெட்டின் ஓரத்தையே தங்கள் முகத்தின் ஓரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாமும் ஒரு சிறிய சபைதான். நமக்கும் பதிவேட்டில் அடங்கும் ஜனத்தொகை, நமக்கும் சந்தா, நமக்கும் அவ்வப்போது வெளியேற்றங்கள். ஆண்டுமலரில் நாம் எழுதிக்கொள்ளும் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர்களின் வரிசை, ஆண்டுகளோடு. அச்சுக் கோத்தவர் யார், நின்றுபோகவிருந்த இதழுக்கு நகையை அடகு வைத்துக் கொடுத்த மனைவி யார், யாருடைய கவிதையை எதற்காக இரண்டு வருஷம் பெட்டியில் வைத்திருந்து திருப்பினோம் — அதில் இருக்காது. நாமும் தொலைவில் உள்ள ஒரு கண்ணைப் பார்த்தே எழுதுகிறோம். நம்முடைய ஹாலே பல்கலைக்கழகமாகவோ பரிசுக் குழுவாகவோ இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அந்த வாக்கியத்தில் வருவதில்லை.

சபைகள் தளம் வைக்கட்டும். கோபுரத்தின் படமும் இருக்கட்டும், காணிக்கைக் கட்டமும் இருக்கட்டும். அதோடு பழைய ஞானஸ்நான ஏட்டின் ஒரு பக்கத்தையும், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற தரைப்படத்தையும் போட ஒரு சபை துணியுமானால், அது தமிழ் நாட்டில் எழுதப்பட்ட நல்ல வரலாறுகளில் ஒன்றாக இருக்கும். பார்க்க வருகிறவன் முகம் சுளிக்கலாம். துபாயில் இருக்கும் பேரன் தொலைபேசியில் சண்டைக்கு வரலாம். ஆனால் அன்றைக்கு முதன்முறையாக அந்தத் தளத்தின் முகப்பு சபையின் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். போதகர்களின் வரிசையில் 1733க்கும் 1741க்கும் நடுவே ஒரு வரியைக் காலியாக விட்டு, ராஜநாயக்கன், உபதேசியார் என்று எழுத வேண்டும்; காரணத்தையும் எழுத வேண்டும்.